ஜெனீவாவில் கையெழுத்து, தண்டையார்பேட்டையில் பிரிண்ட் அவுட்: இந்த சைபர் ஒப்பந்தங்களால் நமக்கு என்ன?

ஜெராக்ஸ்காரன் · தண்டையார்பேட்டை · வெள்ளி இரவு 10:05

கடை சாத்திவிட்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைபர் பாதுகாப்பு கம்பெனி ஒன்று ஏதோ ஒரு சர்வதேச அமைப்போடு கை குலுக்குகிற படம் அடிக்கடி கண்ணில் படுகிறது. பின்னால் நீலப் பலகை, முன்னால் கோட்டு போட்ட நாலு பேர், கீழே "வளரும் நாடுகளில் பாதுகாப்பான டிஜிட்டல் வளர்ச்சி" என்று ஒரு வரி. என்னுடையது எட்டுக்குப் பத்து கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன். வளரும் நாடு என்று அவர்கள் சொல்வதில் என் கடையும் அடக்கம்தானே?

இன்று மதியம் கூட்டமில்லாத நேரத்தில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன். ஆதார் மட்டும் 1,340 இருக்கிறது. அது போக பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், கர்ப்பிணிகளின் ஸ்கேன் ரிப்போர்ட், ஒருவருடைய விவாகரத்து மனு. எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு "ஒரு காப்பி போடுண்ணே" என்று வாங்கிப் போனவர்களுடையது. அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானாக அழிக்கவும் இல்லை. எண்ணி முடித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

அந்த நாலு கோட்டுக்காரர்கள் போடும் கையெழுத்துக்கும் இந்த 1,340க்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிண்டலாகக் கேட்கவில்லை.

---

மணலி_மாமா · வெள்ளி இரவு 10:31

சம்பந்தம் இல்லை. போட்டோவுக்குத்தான். அடுத்த கேள்வி?

---

நைட்ஷிப்ட் · வியாசர்பாடி · வெள்ளி இரவு 11:48

மாமா, அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நான் ஓ.எம்.ஆர்.ல இதே வேலையில் இருக்கிறேன். ராத்திரி முழுக்கத் திரையில் வரும் அலர்ட்டைப் பார்த்து, எது நிஜம் எது சும்மா என்று பிரிப்பது. இப்போது டீ பிரேக்.

மூன்று விஷயம் சொல்கிறேன்.

2012 மே மாதம். மேற்காசியாவில் கம்ப்யூட்டர்களில் டேட்டா தானாக அழிந்துகொண்டிருந்தது. ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு., காரணத்தைத் தேடச் சொல்லி காஸ்பர்ஸ்கை என்ற சைபர் பாதுகாப்புக் கம்பெனியிடம் கேட்டது. அவர்கள் தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. 'ஃப்ளேம்' என்று பெயர் வைத்த உளவு மென்பொருள். சாதாரண வைரஸ் சில கே.பி. இருந்த இடத்தில் இது எல்லா மாட்யூலும் சேர்ந்து 20 எம்.பி. மைக்கை ஆன் செய்து அறையில் பேசுவதையே பதிவு செய்யும். அதிகமாகச் சிக்கியவை ஈரானின் கம்ப்யூட்டர்கள். யார் செய்தது என்று பத்திரிகைகள் அமெரிக்காவையும் இஸ்ரேலையும் கைகாட்டின. இதை ஒரு போலீஸ் ஸ்டேஷன் தனியாகக் கண்டுபிடித்திருக்குமா என்பது சந்தேகம். கேட்பதற்கு ஒரு பொது அமைப்பும், தேடுவதற்கு ஆள்பலம் உள்ள கம்பெனியும் சேர்ந்ததால் வெளியே வந்தது.

இரண்டாவது, 2016 ஜூலையில் நெதர்லாந்து போலீஸ், ஐரோப்பிய நாடுகளின் பொதுப் போலீஸ் அமைப்பான யூரோபோல், காஸ்பர்ஸ்கை, இன்டெல் செக்யூரிட்டி நான்கும் சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்று ஒரு தளம் தொடங்கின. ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறானே, அந்தப் பூட்டுக்கு இலவசச் சாவி கிடைக்கும் இடம். 2022ல், ஆறு வருஷத்தில், 15 லட்சம் பேருக்கு மேல் உதவியிருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். காசு கொடுக்காமல்.

மூன்றாவது, 2024 செப்டம்பர், அக்டோபரில் இன்டர்போல் நடத்திய 'செரங்கெட்டி' என்ற சைபர் குற்ற வேட்டை. ஆப்பிரிக்காவில் 19 நாடுகள், 1,006 கைது. எந்த சர்வர், எந்த ஐ.பி. என்று தகவல் கொடுத்தவர்களில் ஃபோர்டிநெட், குரூப்-ஐபி, ட்ரெண்ட் மைக்ரோ மாதிரி கம்பெனிகள் உண்டு. போலீஸிடம் அதிகாரம் இருக்கிறது, டேட்டா இல்லை. கம்பெனியிடம் டேட்டா இருக்கிறது, யாரையும் பிடிக்க முடியாது. அதற்குத்தான் கை குலுக்கல்.

ஜெராக்ஸ் அண்ணே, உங்கள் 1,340க்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அலர்ட் வருகிறது, போகிறேன்.

---

மணலி_மாமா · சனி காலை 6:10

தம்பி நல்லா எழுதியிருக்கிறாய். ஆனால் உன் முதல் இரண்டு உதாரணத்திலும் ஒரே பெயர் வருகிறதே, கவனித்தாயா? அந்தக் கம்பெனியைத்தான் 2017ல் அமெரிக்கா தன் அரசு அலுவலகங்களிலிருந்து எடுக்கச் சொன்னது. 2024ல் அந்த நாட்டில் விற்கவே கூடாது என்றது. ரஷ்யக் கம்பெனி என்பதுதான் காரணம். யார் நல்லவர் யார் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஐ.நா. அமைப்புக்குக் கூட்டாளியாக இருப்பவன் இன்னொரு நாட்டுக்கு ஆபத்தானவன் என்றால், நடுவில் இருக்கிற நாம் எதை நம்பி இன்ஸ்டால் செய்வது?

நான் ஆலையில் 31 வருஷம் வேலை பார்த்தவன். ஒரு வால்வு வாங்கினால் மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்குவோம். முதல் வருஷம் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவனைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். இலவசப் பயிற்சி, இலவச லைசென்ஸ், அப்புறம் மூன்றாம் வருஷம் பில். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் ஊழியர்களுக்கு அந்த ஒரு ஸ்கிரீன்தான் தெரியும். "வளர்ச்சி" என்கிற சொல்லுக்குள் இந்த வியாபாரமும் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

---

டிரெய்லர்_பார்ட்டி · எண்ணூர் · சனி காலை 9:22

துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு கதை. நான் சி.எஃப்.எஸ்.ல் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் வைத்து ஏற்றி இறக்கும் யார்டு) டாக்குமென்டேஷன் பார்க்கிறேன்.

2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற வைரஸ் கிளம்பியது. நம் ஊரில் கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் வைத்திருக்கும் மென்பொருளின் அப்டேட்டிலேயே விஷம் வந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அது மேர்ஸ்க் என்ற கப்பல் கம்பெனிக்குள் போய், மும்பை ஜே.என்.பி.டி. துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் டெர்மினல் வரை நிறுத்திவிட்டது. டென்மார்க் கம்பெனி, உக்ரைன் வைரஸ், மும்பையில் டிரெய்லர் க்யூ. மேர்ஸ்க் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரைப் பத்து நாளில் மறுபடி நிறுவியதாக அவர்கள் தலைவரே பிறகு மேடையில் சொன்னார்.

எல்லா ஊரிலும் முக்கியமான ஒரு சர்வர் அழிந்துவிட்டது. ஒரே ஒரு காப்பி மட்டும் கானாவில் மிஞ்சியது. ஏன் தெரியுமா? அந்த நேரம் அங்கே கரண்ட் கட், அதனால் நெட்டும் கட்!

எங்கள் பக்கம் ஃபார்ம் 13 என்ற அனுமதிச் சீட்டு வராமல் எக்ஸ்போர்ட் டிரெய்லர் கேட்டைத் தாண்டாது. சிஸ்டம் அரை மணி நேரம் தொங்கினாலே வண்டி வரிசை எக்ஸ்பிரஸ் ரோட்டில் வால் நீட்டும். டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இந்த ஒப்பந்தம் எல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நான் நினைப்பதில்லை. ஆனால் அவை துறைமுகத்தின் பெரிய கேட் வரைக்கும்தான் வருகின்றன. அதற்கு வெளியே இருக்கும் நூற்றுக்கணக்கான டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் ஒரே பாஸ்வேர்டை மானிட்டரில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறோம். ஆமாம், என் மேசையிலும்தான்.

---

பர்மாபஜார்_பாய் · சனி காலை 9:40

கரண்ட் கட் காப்பாற்றிய கதை சூப்பர். மின்வாரியத்துக்கும் ஒரு சீட் போடுங்கப்பா ஜெனீவாவில்.

---

ராயபுரம்_ரேவதி · சனி மதியம் 1:15

நீங்கள் எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறார். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, வண்டியில் வைத்து, பத்து மணிக்குள் விற்றுவிடுவார். க்யூ.ஆர். ஸ்டாண்டும் சவுண்டு பாக்ஸும் உண்டு. பெட்டி "ரூபாய் வந்துவிட்டது" என்று சொன்னால் மீன் கைமாறும். ஒருநாள் யாரோ ஒருவர் 2,400 ரூபாய்க்கு வஞ்சிரம் வாங்கிப் போனார். மூன்று வாரம் கழித்து அக்காவின் அக்கவுண்ட் முடங்கிவிட்டது. பேங்கில் கேட்டால், அந்த 2,400 வேறு ஊரில் யாரிடமோ ஏமாற்றி வாங்கிய பணம், அந்த ஊர் போலீஸ் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். நிறுத்தியது 2,400 மட்டும் இல்லை. உள்ளே இருந்த 38,000மும். ஏலத்துக்குப் போட வேண்டிய பணம் அது. நாலு தடவை போய் நின்றார். "அந்த ஸ்டேஷனுக்கு மெயில் போடுங்க" என்கிறார்கள். அவருக்கு மெயில் என்றால் ரயில்தான்.

சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் செய்தால் பணம் போகும் வழியை நிறுத்துகிறார்கள் என்பது நல்ல ஏற்பாடு. எங்கள் தெருவிலேயே ஒருவர் உடனே கூப்பிட்டதால் பாதிப் பணம் தப்பியது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏமாந்தவரைக் காப்பாற்ற விரித்த வலையில், ஏமாற்றாத மீன்காரி மாட்டிக்கொண்டால் அவரை யார் எடுத்துவிடுவது? இந்த ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா?

---

விம்கோ_விஜய் · சனி மதியம் 1:50

ஐ.டி.யு. 2024ல் போட்ட உலக சைபர் பாதுகாப்புப் பட்டியலில் இந்தியாவுக்கு 100க்கு 98.49. முதல் அடுக்கு. அதே 2024ல் இந்தியர்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் 7,465 கோடி.

98.49 வாங்கிய பையன் வீட்டில் மூன்று மடங்கு திருட்டு. விளக்கம் தேவை ப்ரோஸ்.

---

நைட்ஷிப்ட் · சனி மாலை 5:30

இப்போதுதான் எழுந்தேன்.

விஜய், அந்த மார்க் எதற்கு என்று பாருங்கள். சட்டம் இருக்கிறதா, தொழில்நுட்ப அமைப்பு இருக்கிறதா, நிறுவன ஏற்பாடு இருக்கிறதா, பயிற்சி இருக்கிறதா, பிற நாடுகளோடு ஒத்துழைப்பு இருக்கிறதா. ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 20. நாடு எவ்வளவு உறுதி காட்டுகிறது என்பதற்கான மார்க் அது. திருட்டு எவ்வளவு குறைந்தது என்பதற்கு அதில் கேள்வியே கிடையாது. வீட்டில் பூட்டு இருக்கிறதா, நாய் இருக்கிறதா, வாட்ச்மேன் இருக்கிறாரா என்று கேட்டு மார்க் போடுகிற மாதிரி. மூன்றும் இருக்கும் வீட்டில் அம்மாவே கதவைத் திறந்து "கூரியரா, வாப்பா" என்றால் மார்க் என்ன செய்யும்?

ரேவதி அக்கா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கனமானது. நேர்மையாகச் சொன்னால், நான் படித்தவரை இப்படிப்பட்ட அறிக்கைகளில் "திறன் வளர்ப்பு" என்ற வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதிகாரிகளின் திறன், வங்கியின் திறன், போலீஸின் திறன். 2023 நவம்பரில் கானாவின் அக்ராவில் உலக வங்கியும் உலகப் பொருளாதார மன்றமும் இன்னும் சில அமைப்புகளும் கூடி, வளர்ச்சித் திட்டம் எதுவானாலும் சைபர் பாதுகாப்பு அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்று 'அக்ரா அழைப்பு' வெளியிட்டார்கள். நல்ல யோசனை. ரோடு போடும்போதே மழைநீர் வடிகாலும் சேர்த்துப் போடுவது மாதிரி. (நம் ஊரில் அது எப்படி நடக்கிறது என்று கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) ஆனால் தவறாக முடக்கப்பட்டவர் எந்த ஜன்னலில் போய் நிற்க வேண்டும் என்பது அந்தந்த ஊர்தான் செய்ய வேண்டிய வேலை. ஜெனீவா செய்யாது.

---

மணலி_மாமா · சனி மாலை 6:02

அதைத்தானே நான் முதல் நாளே ஒரு வரியில் சொன்னேன்.

---

நைட்ஷிப்ட் · சனி மாலை 6:05

இல்லை மாமா. நீங்கள் சம்பந்தமே இல்லை என்றீர்கள். சம்பந்தம் இருக்கிறது, பாதி தூரம் வந்து நிற்கிறது என்று நான் சொல்கிறேன்.

---

விம்கோ_விஜய் · சனி இரவு 8:44

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் ஏரியாவில் வேலை இல்லாத பசங்களிடம் வந்து "அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஏ.டி.எம். கார்டு, சிம் கொடு, ஐயாயிரம் தரேன்" என்கிறான். பசங்களும் கொடுக்கிறார்கள். அக்கா சொன்ன அந்த 2,400 அப்படி ஒரு வாடகை அக்கவுண்டிலிருந்து வந்திருக்கலாம். கடைசியில் போலீஸ் கதவைத் தட்டுவது ஐயாயிரம் வாங்கியவன் வீட்டில். அனுப்பியவன் எங்கோ.

அந்த "எங்கோ" எங்கே என்றால், கம்போடியா, மியான்மர் எல்லை. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேர் கட்டாயத்தின் பேரில் ஆன்லைன் மோசடி வேலை செய்வதாக. 2022ல் மியான்மர் எல்லையிலுள்ள மியாவாடியிலிருந்து தமிழ்நாட்டுப் பசங்களும் மீட்டு வரப்பட்டார்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று போனவர்கள். ஏமாற்றுகிறவனும் அடிமை, பணம் தாங்குகிறவனும் ஏமாளி. இதை எந்த ஆன்டிவைரஸ் பிடிக்கும்?

---

நைட்ஷிப்ட் · சனி இரவு 9:10

ஆன்டிவைரஸ் பிடிக்காது. இங்கேதான் கம்பெனியும் சர்வதேச அமைப்பும் சேர வேண்டியிருக்கிறது என்பேன். ஒரு போலி முதலீட்டுத் தளத்தின் சர்வர் ஒரு நாட்டில், டொமைன் இன்னொரு நாட்டில், அடைத்து வைத்த ஆட்கள் மூன்றாவது நாட்டில், பணம் விம்கோ நகர் அக்கவுண்டில். ஒரு ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். இதில் எவ்வளவு தூரம் போகும்?

அதே சமயம் எல்லா ஒப்பந்தமும் நல்லது என்று தலையாட்ட மாட்டேன். ஐ.நா.வின் சைபர் குற்ற உடன்படிக்கை 2024 டிசம்பர் 24 அன்று பொதுச்சபையில் நிறைவேறியது, 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்கு வைத்தார்கள். அதை எதிர்த்தவர்களில் மனித உரிமை அமைப்புகளோடு பெரிய டெக் கம்பெனிகளின் கூட்டமைப்பும் இருந்தது. ஓட்டையைத் தேடிச் சொல்கிறவனையே குற்றவாளி ஆக்கிவிடும் என்பது அவர்கள் பயங்களில் ஒன்று. என் வேலையே ஓட்டையைத் தேடிச் சொல்வது என்பதால் எனக்கும் கொஞ்சம் உதறல் உண்டு.

---

ஜெராக்ஸ்காரன் · சனி இரவு 10:40

எல்லாவற்றையும் படித்தேன். நைட்ஷிப்ட் தம்பி சொன்ன அந்தச் சாவித் தளம் விஷயத்தில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் முதலில் எழுதவில்லை.

லாக்டவுன் வருஷம். போட்டோ எடிட் செய்கிற மென்பொருளின் கிராக் காப்பி ஒன்றை எங்கிருந்தோ இறக்கினேன். கிராக்கை ஓட்டும்போது ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொன்னது. செய்தேன். மறுநாள் காலை எந்த ஃபைலும் திறக்கவில்லை. பெயருக்குப் பின்னால் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு நோட்பேட். 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490. என் ஒரு மாத வாடகையை விட அது எத்தனையோ மடங்கு. கல்யாண ஆல்பம் ஒன்று டெலிவரிக்கு இருந்தது. பெண் வீட்டுக்காரர் கடைக்கு வெளியே நிற்கிறார். நான் உள்ளே கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், கை சும்மா இருக்க முடியாமல்.

அப்புறம் ஒரு பையன் சொல்லித்தான் அந்தத் தளத்துக்குப் போனேன். 'ஜெவு' என்கிற வகை என்றது, எம்சிசாஃப்ட் என்ற கம்பெனி எழுதிய டூலைக் கொடுத்தது. உடனே எல்லாம் திறந்துவிடவில்லை. ஆல்பம் இருந்த ஃபோல்டர் கடைசி வரைக்கும் வராது என்றே நினைத்தேன். நாலு மாதம் கழித்து மறுபடி ஓட்டியபோது வரிசையாகத் திறந்தது. ஆல்பத்தை அதற்குள் கேமராமேனின் பழைய கார்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆக, மாமா, எனக்குச் சம்பந்தம் இருந்திருக்கிறது. அன்றைக்கு அது யார் யாரோ சேர்ந்து செய்தது என்று தெரியாது. இலவச சாஃப்ட்வேர் என்று நினைத்தேன்.

---

நைட்ஷிப்ட் · சனி இரவு 11:02

அண்ணே, அந்த வகையில் பூட்டும்போது நெட் இல்லாமல் போனால் எல்லாருக்கும் ஒரே பொதுச் சாவியைப் போட்டுவிடும். அந்தச் சாவி பிறகு யாரிடமிருந்தாவது கிடைத்தால் எல்லாருக்கும் திறக்கும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். நெட் இருந்திருந்தால் இன்று வரைக்கும் திறந்திருக்காது.

---

டிரெய்லர்_பார்ட்டி · சனி இரவு 11:07

மறுபடியும் நெட் இல்லாததுதான் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

---

ராயபுரம்_ரேவதி · ஞாயிறு காலை 7:45

1,340 விஷயத்துக்கு வருவோம். ஜெராக்ஸ் அண்ணா, 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் காப்பியைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இறக்காதீர்கள், இறக்கினால் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று. தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கினார்கள். அறிவிப்பு போனது, ஆனால் அதில் இருந்த அறிவுரை சரிதானே? அழித்துவிடுங்கள் அண்ணா. ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

---

ஜெராக்ஸ்காரன் · ஞாயிறு இரவு 9:30

அழித்துவிட்டேன். "உங்கள் ஃபைல் கடை மூடும்போது அழிக்கப்படும்" என்று ஏ4ல் பெரிதாக அடித்துக் கண்ணாடியில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையிலேயே கூட்டம். முதல் ஆள் படித்துவிட்டு "சூப்பர்ணே" என்றார். மூன்றாவதாக வந்த அம்மா சண்டை. "என் ஆதாரை ஏன்பா அழிச்ச? மாசா மாசம் நீதானே எடுத்துக் குடுப்ப?" அவர் போன் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. வீட்டுக்காரர் போட்டில், கடலுக்குப் போய் ஆறு நாள். ஓ.டி.பி. வருவது அந்த நம்பருக்கு. டிஜிலாக்கர் எடுக்கலாம் என்றால் அதற்கும் ஓ.டி.பி. பேப்பர் காப்பி போன மழையில் நனைந்து கூழாகிவிட்டதாம். அவருடைய ஆதார் இருந்த ஒரே இடம் என் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்.

இப்படி இன்று மட்டும் நாலு பேர். அவர்களுக்கு என் கம்ப்யூட்டர் ஜெராக்ஸ் கடை இல்லை, பீரோ. திருட்டுப் போகும் என்று பயந்து நான் பீரோவைக் காலி செய்துவிட்டேன்.

இப்போதைக்கு, கேட்டு வாங்கி, அவர்கள் சம்மதித்தால் மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் வைக்கிறேன். பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை கரைக்கு வருகிறாராம், போனோடு வரச் சொல்லியிருக்கிறேன்.

---

நைட்ஷிப்ட் · ஞாயிறு இரவு 9:41

பாஸ்வேர்டு கடைப் பெயரும் 123மும் இல்லையே?

---

ஜெராக்ஸ்காரன் · ஞாயிறு இரவு 9:44

இரு, மாற்றிவிட்டு வருகிறேன்.